மிட்டாதாரின் உத்தரவும் பேச்சிமுத்துவின் தப்பும்

மிட்டாதார் ரத்தினசபாபதிக்குத் தெரியாத விஷயமே கிடையாது. அப்படித்தான் அவர் சொல்லிக்கொள்வார். பங்குனித் தேருக்குப் பத்துக் கூடை மல்லிகை தருவதாகக் கோயிலில் வாக்குக் கொடுத்திருந்தார். மார்கழிக் கடைசியில், தோட்டக்காரன் பேச்சிமுத்து மல்லிகையைக் கவாத்து செய்ய அரிவாளோடு கிளம்பினான்.

மிட்டாதார் வழிமறித்தார். "வெட்டினால் பூ எப்படிடா வரும்? ஒரு கிளையைத் தொட்டாலும் உனக்கு வேலை போய்விடும். ஒரு கூடை குறைந்தாலும் போய்விடும்."

பேச்சிமுத்து தலையைச் சொறிந்தான். "எஜமான், எனக்கு இருப்பதே பாதி மூளை. பாதித் தோட்டத்துக்குத்தான் உங்கள் உத்தரவு தாங்கும். கிழக்கே அதன்படி நடக்கிறேன். மேற்கே வழக்கம்போலத் தப்புச் செய்துகொள்கிறேனே."

மிட்டாதாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "செய், செய். மானம் போகப்போவது உனக்குத்தான்."

மேற்குப் பாதியில் பேச்சிமுத்து செடிகளை முழங்கால் உயரத்துக்கு வெட்டினான். மிச்ச இலைகளையும் உருவிவிட்டு, எருவிட்டுத் தண்ணீர் பாய்ச்சினான்.

பங்குனியில் கோயில் தர்மகர்த்தா கூடைகளோடு வந்தார். மேற்கே வெள்ளை வெளேரென்று பூ. கிழக்கே புதர் மண்டி, வெறும் இலை.

"எல்லாம் என் உத்தரவு" என்று மிட்டாதார் மீசையை முறுக்கினார்.

பேச்சிமுத்து கைகட்டி நின்றான். "ஆமாம் சாமி. எஜமான் உத்தரவு கிழக்கே இருக்கிறது. மேற்கே இருப்பது இந்த மடையன் செய்த தப்பு. எந்தப் பக்கம் பறிக்கலாம்?"

தர்மகர்த்தா சிரிப்பை அடக்கிக்கொண்டு மேற்கே நடந்தார். பத்துக் கூடையும் நிறைந்தன.

அவர் போனபின் மிட்டாதார் மெல்லச் சொன்னார்: "அடுத்த மார்கழியில் தோட்டம் முழுக்கவே தப்புச் செய்துவிடு, பேச்சிமுத்து."