கரடியின் ஐந்து வீச்சு

அந்தக் காட்டில் மழை பெய்து எட்டு மாதம் ஆகியிருந்தது. குட்டையும் ஓடையும் வற்றிவிட்டன. பாறை இடுக்கில் ஒரே ஒரு சுனையில்தான் தண்ணீர் ஊறியது. அதன் முன்னால் கும்மன் என்ற கரடி உட்கார்ந்துகொண்டது.

"தண்ணீர் வேண்டுமா? இந்தப் பாறைமேல் ஏறி நில்லுங்கள். ஐந்து முறை கை வீசுவேன். ஒன்றுகூடப் படாமல் தப்பினால் குடிக்கலாம்!" என்றது கும்மன்.

காட்டுப்பன்றி முதலில் ஏறியது. "என் தோல் தாங்கும்!" என்று மார்தட்டியது. முதல் வீச்சிலேயே தந்தம் உடைந்து சுருண்டு விழுந்தது. அடுத்து வந்த கடமான் துள்ளித் துள்ளிப் பின்வாங்கியது. மூன்றாவது வீச்சில் பாறை விளிம்பு தவறி விழுந்து காலை முறித்துக்கொண்டது. அதன் பிறகு யாரும் ஏறவில்லை.

இதையெல்லாம் துவரை என்ற முயல் புதரிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தது. அதற்கு மூன்று குட்டிகள். தாகத்தில் பால் சுரப்பு நின்றுவிட்டது. கடைக்குட்டி காலையிலிருந்து எழுந்திருக்கவே இல்லை.

"நான் போகிறேன்" என்றது துவரை.

பக்கத்தில் இருந்த அணில் பதறியது. "பன்றியே விழுந்துவிட்டது! நீ ஓர் அடி தாங்குவாயா?"

"தாங்க மாட்டேன். அதனால்தான் ஒன்றுகூடப் படக் கூடாது. கவனித்தாயா? கை வருவதற்கு முன்னால் அதன் தோள் இறங்குகிறது."

துவரை பாறையில் ஏறியது. பின்னங்கால்களில் நிமிர்ந்து, முன்னங்கால்களை முகத்துக்கு முன் மடக்கிக்கொண்டது.

"என்ன, கும்பிடு போடுகிறாயா?" என்று சிரித்தது கும்மன்.

இடது தோள் இறங்கியது. துவரை தலையைச் சாய்த்தது. நகங்கள் காற்றைக் கிழித்துப் போயின.

வலது தோள் இறங்கியது. துவரை சட்டென்று குனிந்தது. காதுகளின் மேலே கை பறந்தது.

அப்போது புதரிலிருந்து, "அம்மா!" என்று ஈனக் குரல் கேட்டது. துவரைக்குத் திரும்பிப் பார்க்க மனம் துடித்தது. பார்க்கவில்லை. கண் தோளிலேயே இருந்தது. மூன்றாவது வீச்சும் தவறியது.

நான்காவதில் பின்னங்கால் விளிம்பில் வழுக்கியது. இனிப் பின்னால் இடமில்லை! துவரை முன்னால் பாய்ந்து கரடியின் மார்போடு ஒட்டிக்கொண்டது. நீண்ட கை துவரையின் முதுகுக்குப் பின்னால் வெறுமனே சுழன்றது.

கும்மனுக்கு மூச்சு வாங்கியது. "மூக்கில் ஒன்று கொடு!" என்று பன்றி கத்தியது.

துவரைக்கும் ஆத்திரம் பொங்கியது. ஆனால் கை நீட்டினால் தன் முகம் திறந்துவிடுமே! பல்லைக் கடித்துக்கொண்டு விலகி நின்றது.

ஐந்தாவது முறை கும்மன் தந்திரம் செய்தது. இடது தோளை இறக்கியது, கையை வீசவில்லை. துவரையின் உடல் நடுங்கியது. ஆனால் கை கிளம்பவில்லை என்பதைக் கண் பார்த்துவிட்டதால் கால்கள் அசையவில்லை. மறுகணம் வலது கை முழு வேகத்தில் வந்தது. துவரை அதன் அடியில் நுழைந்து பக்கவாட்டில் வெளியேறியது. கும்மன் சுழன்று குப்புற விழுந்தது.

எழுந்திருக்க அதற்குத் தெம்பில்லை. "போ, குடி!" என்று முனகியது.

துவரை ஓடிப்போய்க் கடைக்குட்டியைக் கவ்விக்கொண்டு வந்து சுனையோரம் கிடத்தியது. நெடுநேரம் அசைவில்லை. பிறகு ஒரு சின்ன நாக்கு மெல்ல நீண்டு தண்ணீரை நக்கியது. நொண்டிக்கொண்டு கடமான் வந்தது. பின்னாலேயே பன்றியும் வந்தது. கும்மன் யாரையும் தடுக்கவில்லை.

பயம் உடலை நடுக்கினாலும் கண்ணை மூடாமல், கோபத்துக்கு இடம் கொடாமல் எதிரியைக் கவனிப்பவரே வலியவரின் அடியிலிருந்து தப்புவார்.