எருது கட்டிய மணி

செம்பாறைப் பள்ளத்தாக்கில் ஒரு செம்மறிக் கூட்டம் வாழ்ந்து வந்தது. பக்கத்து மலையில் மான்கள். தண்ணீர்த் துறையில் இரண்டு கூட்டத்துக்கும் அவ்வப்போது முட்டல் மோதல் உண்டு. அக்கம்பக்கம் என்றால் அது இல்லாமலா!

ஒரு கோடையில் கிழக்கிலிருந்து எருதுகளின் அரசு வந்து இறங்கியது. பள்ளத்தாக்கின் புல்லைப் பார்த்ததும் எருதுகளுக்கு நாக்கில் எச்சில் ஊறியது. எருதுத் தளபதி, மான் தலைவன் கிளைக்கொம்பனைத் தாஜா பண்ணி, பள்ளத்தாக்குக்குள் இறங்க வழி கேட்டார். பழைய கோபத்தில் அவனும் காட்டிக் கொடுத்தான். எருதுகள் ஆடுகளை முட்டி மிதித்து, கிழக்கே வெகு தொலைவில் ஓர் உப்புத் தண்ணீர்ப் பொட்டலில் கொண்டுபோய் அடைத்தன. எருதுகளுக்குச் சுனைகளைக் காட்டியபடி மான்களும் கூடவே போயின.

அங்கே புல்லும் கரித்தது. குட்டிகள் செத்து விழுந்தன. கருங்காதி என்ற தாய் ஆடு தன் இரண்டு குட்டிகளையும் பறிகொடுத்தாள். மிச்சம், வயிற்றில் இருந்த ஒன்றுதான்.

"இதுவாவது செம்பாறையில் பிறக்கணும்!" என்று தவித்தாள்.

ஆடுகளுக்கு வைக்கோல் சுமந்தே எருதுகளுக்கு முதுகு ஒடிந்தது; இன்னும் கிழக்கே துரத்திவிட்டால் தொல்லை விடும் என்று நினைத்தன. எருது நாட்டுச் சட்டப்படி, யாராவது ஒருவரைத் தலைவனாக்கி, சம்மதத்துக்கு அடையாளமாகக் குளம்படி வாங்கினால் போதும், ஊரையே எழுதி வாங்கிவிடலாம். தளபதி கிளைக்கொம்பன் கழுத்தில் பளபளவென்று ஒரு மணியைக் கட்டினார்.

"இன்று முதல் மானுக்கும் ஆட்டுக்கும் நீதான் ராஜா! ஆடுகள் செம்பாறையை விட்டுவிட்டு இன்னும் கிழக்கே போகச் சம்மதம் என்று, இந்தக் களிமண்ணில் குளம்பை வை!"

மான் காலைத் தூக்கிவிட்டான். கருங்காதிக்குப் பொறுக்கவில்லை.

"நில்லுப்பா கிளைக்கொம்பா! உங்கள் கூட்டத்தில் எல்லாரும் கூடிப் பேசாமல் ஒருத்தன் குளம்பு வைப்பானா? எங்கள் மண்ணை வாங்க உன் கழுத்தில் மணி. நாளைக்கு உன் மலையை வாங்க எவன் கழுத்தில் கட்டுவார்களோ!"

மானுக்குச் சுருக்கென்று தைத்தது. தலையை ஒரே உதறு! மணி உப்புத் தண்ணீரில் போய் விழுந்தது.

"நான் செய்த பாவம் போதும், அக்கா! தளபதியாரே, ஆடுகளையே கேளும்! இனி உமக்கு ஒரு சுனைக்கும் நாங்கள் வழி காட்ட மாட்டோம்!"

தளபதி கணக்குப் போட்டுப் பார்த்தார். மான்கள் இல்லாமல் அந்த வறண்ட நாட்டில் அவருக்குத் தண்ணீர் ஏது? "எங்கேதான் போவீர்கள்?" என்று ஆடுகளைப் பார்த்துக் கத்தினார்.

"வீட்டுக்கு!" பொட்டலே அதிர்ந்தது.

"போய்த் தொலையுங்கள்! உங்கள் செம்பாறை உங்களுக்கே!" என்றார் தளபதி.

மான்கள் வழி காட்ட, ஆடுகள் ஆரவாரமாய் நடந்தன. செம்பாறை கண்ணில் பட்டதும் கருங்காதி 'ஓ'வென்று அழுதாள். அன்று மாலையே குட்டி பிறந்தது. சுனைத் தண்ணீரை வயிறாரக் குடித்துவிட்டு அதற்குப் பால் கொடுத்தாள்.

அண்டை அயலாரை மோதவிட்டு மண்ணைப் பறிக்க வருபவன், அவர்கள் ஒன்று சேர்ந்த அன்றே தோற்றுப்போவான்.