உறங்காத விருந்தாளி

மணற்பாடி கடலை ஒட்டிய குட்டி ராஜ்யம். அரண்மனை மாடியில் ராஜா தும்மினால் துறைமுகத்தில் படகுக்காரர்கள் "தீர்க்காயுசு" என்பார்கள். அவ்வளவுதான் அதன் அகலம்.

அதை ஆண்ட விசையராயர் நல்ல மனிதர்தான். ஆனால் ஏதாவது ஒரு ஆசை பிடித்துக்கொண்டால் லேசில் விடமாட்டார். ராணி சௌந்தரவல்லிக்கு ஆண் குழந்தை பிறந்த புதிதில் அப்படித்தான் ஆனது. கப்பலில் போனபோது நடுக்கடலில் ஓங்கில் கூட்டம் ஒன்றைப் பார்த்தார். ஓங்கில் என்றால் நாம் டால்பின் என்கிறோமே, அதுதான். ஒவ்வொன்றும் தண்ணீரிலிருந்து எம்பி, பம்பரமாகச் சுழன்று, தொப்பென்று விழுந்தது. என் பிள்ளை தொட்டிலில் கிடந்தபடி இதைப் பார்க்க வேண்டும் என்று சபையில் சொல்லிவிட்டார்.

தளவாய் மல்லப்பனுக்குப் படகில் ஏறினாலே குமட்டும். நடுக்கடலுக்கு எங்கே போவது? ஆற்று முகத்தில் வலையைக் கட்டி, அங்கே திரிந்த ஓர் ஓங்கிலை வளைத்தார். அதன் விலாவோடு ஒட்டிக்கொண்டு குட்டி ஒன்றும் வந்தது. பிறந்து சில நாள்தான் இருக்கும். இரண்டையும் அரண்மனைக்குப் பின்னால் இருந்த கடல்நீர்க் குளத்தில் விட்டார்.

ராஜா குளக்கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஓங்கில் சுழலவில்லை. குதிக்கவும் இல்லை. ராஜா நடுக்கடலில் பார்த்த வகை அல்ல இது, கூன்முதுகு வகை. கரையோரக் கலங்கல் நீரில் தன்பாட்டுக்கு மீன் தேடித் திரியும் சாது. புது இடம், கூச்சப்படுகிறது மகாராஜா என்று மல்லப்பன் சமாளித்தார்.

அரசவையில் செவ்வந்தியப்பன் என்று ஒருவர் இருந்தார். ராஜாவையே சிரிக்க வைத்துக் காரியம் சாதிக்கிறவர். அவரை ராணி கூப்பிட்டனுப்பினாள். மடியில் குழந்தை. ஜன்னலுக்குக் கீழே குளம்.

"அவள் நிற்கவே இல்லை, கவனித்தீரா?" என்றாள் ராணி. "வந்ததிலிருந்து சுற்றிக்கொண்டே இருக்கிறாள். குட்டியும் கூடவே சுற்றுகிறது. இந்தக் குளத்தில் இரண்டும் பிழைக்காது. எனக்குப் பயமாக இருக்கிறது, அப்பரே."

செவ்வந்தியப்பன் நேரே ராஜாவிடம் போனார். பாதி சொல்வதற்குள் ராஜாவுக்குக் கோபம் வந்துவிட்டது. அதை விட்டுவிடச் சொல்லி இனி யார் வாய் திறந்தாலும் அவர் நாடு கடத்தப்படுவார் என்று உத்தரவு போட்டார். மல்லப்பனுக்கு முகமெல்லாம் பல்.

மறுநாள் சபையில் செவ்வந்தியப்பன் மிகப் பணிவாக ஒரு சந்தேகம் கேட்டார். குளத்தில் இருப்பது கைதியா, விருந்தாளியா? சமையல்கட்டில் கேட்கிறார்களாம். கைதி என்றால் நேற்று மிஞ்சிய மீன். விருந்தாளி என்றால் இன்று பிடித்த மீன்.

"என் பிள்ளைக்காக வந்தது கைதியா? விருந்தாளிதான்" என்றார் ராஜா.

"ராஜ விருந்தாளி" என்று மல்லப்பனும் ஒத்து ஊதினார்.

"அப்படியே ஆகட்டும்" என்று கும்பிட்டுவிட்டு செவ்வந்தியப்பன் உட்கார்ந்துகொண்டார்.

மணற்பாடியில் ஒரு வழக்கம் உண்டு. ராஜாவின் தாத்தா காலத்தில், அரண்மனையில் தங்கிய கப்பல் வணிகர் ஒருவர் ராத்திரி தாகமெடுத்துக் கூப்பிட்டும் யாரும் எழவில்லையாம். அவர் மனம் நொந்து போய்விட்டார். அவர் கப்பல் திரும்பவே இல்லை. அன்று முதல் விருந்தாளி கண்ணயர்ந்த பிறகுதான் ராஜா படுக்கலாம். அழைத்து வந்தவரும் அப்படியே. விருந்தாளி தூங்கியதும் காவலன் மணியடிப்பான்.

அன்று மணி அடிக்கவில்லை. ராஜா தாயக்கட்டை ஆடினார், பாட்டுக் கேட்டார், பல் தேய்த்தார். விடிந்துவிட்டது. அடுத்த நாளும் அதே கதை. மல்லப்பன் தூணில் சாய்ந்தபடி கொட்டாவி விட்டார். மூன்றாம் நாள் காலை ராஜா சிவந்த கண்ணோடு சபைக்கு வந்தார். தலைகீழாகப் பிடித்த ஓலையை வெகுநேரம் படித்தார்.

"ஓய் செவ்வந்தியப்பா, அது எப்போதய்யா தூங்கும்?"

செவ்வந்தியப்பன் விளக்கினார். ஓங்கில் மீன் இல்லை, நம்மைப் போல மூச்சு விடுகிற பிராணி. குட்டி அடிக்கடி மேலே வந்து மூச்சு வாங்க வேண்டும். அதற்கு இன்னும் நீந்தத் தெம்பில்லை. தாய் நீந்தும் வேகத்தில் தொற்றிக்கொண்டுதான் அதுவும் போகிறது. தாய் நின்றால் குட்டி தவித்துப்போகும். அதனால் அவள் நிற்கமாட்டாள்.

"ஒரு மாதம் போனால் கொஞ்சம் அசருவாள், மகாராஜா. அப்போதும் ஒரு கண்ணைத்தான் மூடுவாள்."

"இன்னொரு கண்?"

"அது பிள்ளைமேல் இருக்கும்."

ஒரு மாதமா என்று மல்லப்பன் முனகினார். கைதி என்றே மாற்றிவிடலாமே என்றார். சபையில் சொன்ன சொல்லை நான் மாற்றுவதா என்று ராஜா சீறினார். தாத்தாவின் வழக்கத்தை எடுக்கவும் மனம் வரவில்லை. செவ்வந்தியப்பன் வாயே திறக்கவில்லை. ராஜா அவரையே உற்றுப் பார்த்தார்.

"விருந்தாளி என்றால் ஒருநாள் ஊருக்குப் போகத்தானே வேண்டும்?"

"தாங்கள் சொன்னால் சரி, மகாராஜா."

"அப்படியானால் வழியனுப்பும். இப்போதே. மேளதாளத்தோடு."

வாய்க்கால் மதகைத் திறந்தார்கள். தாயும் குட்டியும் உப்பங்கழி வழியே கடலுக்குப் போயின. ஆற்று முகத்துக்கு வெளியே நாலைந்து கூன்முதுகுகள் காத்திருந்தன. இரண்டு வந்து குட்டியின் பக்கத்தில் அணைத்தாற்போல நீந்தின. மேளக்காரர் வாசிப்பை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார். மல்லப்பன் மதகின் மேலேயே உட்கார்ந்து தூங்கிப்போனார்.

ராஜா தள்ளாடியபடி அந்தப்புரத்துக்கு வந்தார். ராணி குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு நடந்துகொண்டிருந்தாள்.

"சௌந்தரம், மூன்று நாளாய்ப் பொட்டுத் தூக்கமில்லை. அந்தக் கஷ்டம் உனக்கெங்கே தெரியும்?"

ராணி நடையை நிறுத்தவில்லை.

"எனக்கும் ஒரு விருந்தாளி வந்திருக்கிறார்" என்றாள். "வந்து நாற்பது நாளாகிறது. அழைத்து வந்ததில் உங்களுக்கும் பங்குண்டு. மணிச் சத்தம்தான் இன்னும் கேட்கவில்லை."

ராஜா ஒரு கணம் விழித்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்தபடியே இரண்டு கைகளையும் நீட்டிக் குழந்தையை வாங்கிக்கொண்டார். ராணி படுத்ததுதான் தெரியும்.

மறுநாள் சபையில் செவ்வந்தியப்பனுக்கு முத்துமாலை கிடைத்தது. மாலையைக் கழுத்தில் வாங்கிக்கொண்டே அவர் மெல்லக் கேட்டார்: "நேற்றாவது மகாராஜா நன்றாகத் தூங்கினீர்களா?"

"தூங்கினேன்" என்றார் ராஜா. "ஒரு கண்."