நிறையாத பந்தி

முன்னொரு காலத்தில் ஒரு தேசம் இருந்தது. பெயரைச் சொன்னால் அந்த ஊர்க்காரர்கள், "எங்கள் ராஜாவையா கேலி செய்கிறாய்?" என்று சண்டைக்கு வருவார்கள். எதற்கு வம்பு, விட்டுவிடுவோம். அங்கே இலஞ்சியப்பன் என்று ஒரு விகடகவி. அரசனும் சபையாரும் பந்தியில் அமர்ந்து சாப்பிடும்போது எதிரே நின்று சிரிக்கவைப்பது அவன் வேலை. அந்த வரிசையில் ஒருநாளாவது தானும் உட்கார வேண்டும் என்று அவனுக்குத் தீராத ஏக்கம். யாரும் அழைத்ததில்லை, அவனும் கேட்டதில்லை.

ஒரு சமயம் மகாராணி கோபித்துக்கொண்டு, ஆற்றுக்கு அக்கரையில் இருந்த தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். ராஜாவுக்கு வீம்பு, கூப்பிடவில்லை. ஆனால் அரண்மனையில் எத்தனை பேர் நிறைந்திருந்தும் அவனுக்கு வெறிச்சென்றுதான் இருந்தது.

"பலர் சேர்ந்திருந்தால் அதற்கு என்ன பெயர்?" என்று ஒருநாள் சபையில் கேட்டான்.

தலைமைப் புலவர் திருமேனிப் பண்டிதர் எழுந்தார். "ஆடுகள் சேர்ந்தால் மந்தை, அரசே. வீரர்கள் சேர்ந்தால் படை. சான்றோர் சேர்ந்தால் அவை. வேலையற்றவர்கள் சேர்ந்தால் கும்பல்."

"சொல்லுக்குக் குறைவில்லை. ஒரு ஆள்கூடக் குறையாத கூட்டத்தை எனக்கு யாராவது காட்டுங்கள்!"

விகடகவிமேல் பண்டிதருக்கு வெகுநாள் வயிற்றெரிச்சல். "இலஞ்சியப்பன் காட்டட்டும் அரசே. முடியாவிட்டால் நாட்டைவிட்டுப் போகட்டும்!" என்றார்.

ஏதோ நினைவில் இருந்த அரசன் சரியென்று தலையசைத்துவிட்டான். இலஞ்சியப்பன் முன்னால் வந்து நின்றான். பந்தியைப் பார்த்துக்கொண்டு நிற்கவாவது இடம் இருந்தது, அதுவும் போய்விடுமோ?

"நாளை மதியம் பந்தியிலேயே காட்டுகிறேன் அரசே. கூட்டம் நிறையும்வரை ஒருவரும் இலையில் கை வைக்கக் கூடாது என்று ஆணையிடுங்கள். அது போதும்."

"அப்படியே ஆணையிட்டோம்."

மறுநாள் இலை போட்டுச் சோறும் சாம்பாரும் வடையும் பரிமாறினார்கள். அரசனுக்குப் பக்கத்து இலையில் மட்டும் ஆள் இல்லை. அரசன் அருகே உட்கார யாருக்குத்தான் ஆசையில்லை? பண்டிதர் மெல்ல அங்கே நகர்ந்தார்.

"அது உங்கள் இலை இல்லை பண்டிதரே" என்று இலஞ்சியப்பன் தடுத்தான்.

"பிறகு யாருக்கு?" என்றான் அரசன்.

"தங்களுக்குத் தெரியாதா அரசே?"

அரசன் அந்த இலையையே பார்த்தான். வடையில் பாதியைப் பிட்டு அவன் இலைக்குத் தள்ளிவிடும் கை ஒன்று உண்டு. அதைப் பார்த்து எத்தனை நாளாகிவிட்டது! அவன் கண் கலங்கியது. அந்த நேரம் பார்த்துப் பண்டிதரின் வயிறு சபைக்கே கேட்கும்படி இரைந்தது.

"சரி, ஆளனுப்புங்கள்" என்றான் அரசன்.

"ஆளனுப்பினால் ஆள்தான் திரும்பி வருவான் அரசே" என்றான் இலஞ்சியப்பன்.

அரசன் எழுந்தான். தானே படகேறிப் போனான்.

வெயில் தாழும்போது இருவரும் வந்து சேர்ந்தார்கள். காய்ந்து சுருண்டிருந்த இலையைப் பார்த்து ராணி, "இதை அன்றைக்கே போட்டு வைத்திருந்தால் நானே வந்திருப்பேனே" என்றாள். வீம்பெல்லாம் விட்டு அரசன் வாய்விட்டுச் சிரித்தான்.

"புது இலை போடுங்கள்! இலஞ்சியப்பா, நீ ஜெயித்தாய். இந்தா!" என்று கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றப் போனவனை ராணி கையமர்த்தினாள். வரிசையை ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை பார்த்தாள்.

"எல்லோரும் வந்தாயிற்றா?"

"வந்தாயிற்று மகாராணி!" என்று எல்லோருக்கும் முந்திக்கொண்டு சொன்னார் பண்டிதர். பசி அப்படி.

"இல்லையே, ஒருவர் இன்னும் நின்றுகொண்டிருக்கிறாரே."

அரசனும் திரும்பிப் பார்த்தான். "அட, ஆமாம்! பண்டிதரே, கொஞ்சம் நகர்ந்து உட்காரும். இலஞ்சியப்பனுக்கு இலை போடுங்கள்."

விகடகவி முதன்முதலாக அந்த வரிசையில் உட்கார்ந்தான். இலைக்குத் தண்ணீர் தெளித்தான். சோறு சில்லென்று ஆறிக் கிடந்தது. மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.