கரி விரல்

சப்பரம் கிளம்ப வேண்டிய நேரம். பூ அலங்காரம் முடிந்துவிட்டது, வேட்டு தயார், மேளக்காரர்கள் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாம்பிராணி புகைக்கும் தூபக்காலைப் பிடிக்கத்தான் ஆள் இல்லை.

பிடிக்க வேண்டியவன் கோயில்பிள்ளை தொம்மை. கோயிலைத் திறப்பதும் பூட்டுவதும் மணி அடிப்பதும் அவன் வேலை. ஊரின் பாதுகாவலர் மர்சலீனார், அந்தக் காலத்தில் ரோமையில் பாப்பரசராக இருந்து வேதத்துக்காகக் கழுத்தைக் கொடுத்து வேதசாட்சியானவர். அவர் சப்பரத்துக்கு முன்னால் தூபம் காட்டி நடப்பது தொம்மை குடும்பத்துக்கு உள்ள உரிமை. அந்தத் தூபக்காலைத்தான் சற்று முன்பு ரெஜீஸ் அவன் கையிலிருந்து பிடுங்கியிருந்தார், ஊரே பார்க்க.

ரெஜீஸ் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர். மனைவி இறந்த பிறகு, வேதம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார் வேலை கற்றுக்கொள்கிறேன் என்று பங்குக் குருவான சூசை சாமியிடம் வந்து சேர்ந்தார். குருவைவிடச் சீடருக்கு வயது அதிகம். குரல் அதைவிட அதிகம்.

"கழுத்துல அருவா வச்சா சாவியக் குடுத்துருவியா? கழுத்தையே குடுத்தவருக்கு முன்னால நீ நடக்கலாமா?" என்று அவர் கேட்டது மேளத்தையும் தாண்டிக் கேட்டது.

தொம்மை வீட்டுக்குப் போய்விட்டான்.

அந்த வருஷக் கோடையில் திருடர்கள் வந்து அவன் கழுத்தில் அரிவாளை வைத்தது உண்மை. அவன் கோயில் சாவியைக் கொடுத்ததும் உண்மை. மர்சலீனார் சுரூபத்தின் வெள்ளிக் கிரீடம் போயிற்று. இப்போது அந்தச் சிலையின் தலையில் இருப்பது அட்டையில் ஜிகினா ஒட்டியது.

சூசை சாமி உடுப்பு மாட்டிக்கொண்டிருந்த அறைக்கு ரெஜீஸ் தூபக்காலோடு வந்து நின்றார்.

"சாமி, ஒரு கேள்வி. கோழையக் கோயில்ல வச்சிருந்தா வேதசாட்சிக்கு அவமானம் இல்லையா?"

"சுரூபத்தோட வலது கையப் பாத்தீங்களா?"

"பாத்தேன். ரெண்டு விரல் கரியா இருந்துச்சு. இத்தனை வருசமா ஒருத்தனும் துடைக்கலையேன்னு வேதனையாப் போச்சு. நேத்து நல்லாக் கழுவி வர்ணம் அடிச்சிட்டேன்."

சொல்லும்போது ரெஜீஸுக்கு அதில் பெருமைதான். சாமி உடுப்பின் முடிச்சை விட்டுவிட்டுத் திரும்பினார்.

"அது அழுக்கில்ல. பூசுறது. வருசா வருசம் தொம்மை பூசுவான். முன்னால அவன் அப்பா பூசினார்."

"சுரூபத்துக்குக் கரி பூசுவாங்களா சாமி?"

"ரோமையில வேதக்காரங்களப் பிடிச்சுக் கொன்ன வேதகலாபனைக் காலம். நாட்டை ஆண்ட இராயன் மர்சலீனாரைக் கூப்பிட்டு அனுப்பினான். முன்னால நெருப்பு. பக்கத்துல அவன் கும்பிடுற தெய்வம். இந்தப் பக்கம் வாளோட சேவகன். ஒரு சிட்டிகை சாம்பிராணி போட்டுட்டு வீட்டுக்குப் போன்னான்."

"போட மாட்டேன்னார்."

"போட்டார்."

ரெஜீஸ் தூபக்காலை மேசையில் வைத்தார். "யார் சொன்னது?"

"வழிவழியாச் சொல்றாங்க. அப்படி நடக்கவே இல்லைன்னு எழுதினவங்களும் உண்டு. நம்ம ஊர்க்காரங்க அதை விடல. அந்தச் சிட்டிகையப் போட்ட விரலுக்குத்தான் கரி."

"அப்புறம்?"

"வீட்டுக்குப் போனார். சோறு இறங்கல. ஆயர்மார் கூடின இடத்துக்குப் போய், எனக்குத் தீர்ப்புச் சொல்லுங்கன்னு நின்னார். உமக்கு நாங்க எப்படிச் சொல்றது, நீரே சொல்லிக்கொள்ளும்னாங்க. நான் குத்தவாளின்னு சொல்லிக்கிட்டார். பிறகு இராயன்கிட்டயே திரும்பி நடந்தார். கழுத்தைக் குடுத்தது அப்பத்தான்."

இரண்டு வருஷமாக அந்தச் சுரூபத்துக்கு முன்னால் முழங்கால் போட்டவர் ரெஜீஸ். அந்த விரல்கள் ஏன் கரியாக இருக்கின்றன என்று ஒருநாளும் கேட்கத் தோன்றவில்லை. துடைக்கத்தான் தோன்றியது. வெட்கத்தில் காது மடல்வரை சுட்டது.

"இப்ப நான் என்ன செய்ய சாமி?"

சாமி தூபக்காலைத் திறந்து, அணைந்த கரித்துண்டு ஒன்றை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார்.

தொம்மையின் வீடு கோயிலுக்குப் பின்னால்தான். ஆனாலும் ரெஜீஸுக்கு அது நீண்ட தூரமாக இருந்தது. பட்டாளத்து நடை போன இடம் தெரியவில்லை. யார் பார்க்கப் பிடுங்கினாரோ, அவர்களேதான் இப்போதும் வழியெல்லாம் நின்று பார்த்தார்கள்.

தொம்மை திருவிழாச் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு ஆட்டுக்குக் குழை கட்டிக்கொண்டிருந்தான். அவன் மனைவி ரெஜீஸைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனாள்.

ரெஜீஸ் கையை விரித்துக் கரியைக் காட்டினார். "விரலைக் கழுவிப்புட்டேன் தொம்மை. எனக்குத் தெரியல."

"நான் சாவியக் குடுத்தது நிசந்தான் ஐயா."

"அது கெடக்கட்டும்."

"இன்னொருவாட்டி வந்தாக் குடுக்க மாட்டேன்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. எனக்கு அம்புட்டுப் பயமா இருந்துச்சு."

பட்டாளத்தில் அவர் இருந்தது அரிசி, பருப்பு அளக்கும் கிடங்கில். அவர் கழுத்தில் யாரும் எதையும் வைத்துப் பார்த்ததில்லை. அது இன்றைக்குத்தான் அவருக்கு உறைத்தது.

"என்னை மன்னிச்சிரு. வா. சப்பரம் உனக்காக நிக்குது."

"எல்லாரும் பாப்பாங்க ஐயா."

"பாக்கட்டும். என்னையுந்தான் பாப்பாங்க."

தொம்மை கொஞ்ச நேரம் ஆட்டைத் தடவிக்கொண்டிருந்தான். பிறகு கொடியிலிருந்து சட்டையை எடுத்தான்.

அவனே சப்பரத்தில் ஏறிக் கரியைத் தேய்த்தான். கட்டை விரல், ஆள்காட்டி விரல். புது வர்ணம் வழுக்கியது, அழுத்தித் தேய்க்க வேண்டியிருந்தது. இறங்கி வந்து தூபக்காலை வாங்கிக்கொண்டான்.

ரெஜீஸ் மெல்ல நழுவிச் சப்பரத்துக்குப் பின்னால் போகப் பார்த்தார்.

"எங்க போறீங்க?" என்றார் சாமி.

"பின்னால வாரேன் சாமி. எந்த முகத்தோட முன்னால நடக்க?"

சாமி சாம்பிராணிச் சிமிழை அவரிடம் நீட்டி, தொம்மைக்குப் பக்கத்து இடத்தைக் காட்டினார். ரெஜீஸ் போய் நின்றார். தொம்மை தூபக்காலைத் திறந்து பிடித்தான். உள்ளே நெருப்பு கனன்றது. ரெஜீஸ் சிமிழிலிருந்த கரண்டியை எடுத்தார்.

சாமி கரண்டியை வாங்கிக்கொண்டார்.

"விரலால போடுங்க."