கருவண்டு தனிக்குடித்தனம் போன கதை

வண்டும் பறவையும் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், கருவண்டுக்கும் தேனீக்களுக்கும் ஒரே குடித்தனம். மலையடிவாரத்து வேங்கை மரம் ஒன்றில், கிளையில் தொங்கிய ஒரே கூட்டில் எல்லாரும் ஒட்டிக்கொண்டு கிடந்தார்கள். கருவண்டின் பிள்ளைகளும் அங்கேதான். ராணித் தேனீயின் பிள்ளைகளோடு பிள்ளைகளாக வளர்ந்தார்கள்.

தேனீக்களுக்கு வாயும் மென்மை, பேச்சும் மென்மை. கருவண்டுக்கோ மரத்தையே கடித்துத் துப்புகிற பல். கூட்டத்தில் வேறு யாருக்கும் அது கிடையாது. காரியம் ஆகிறவரை காலைப் பிடி என்பார்கள் அல்லவா? தேனீக்கள் அவளுடைய ஆறு காலையும் பிடித்தன.

ஒரு கோடையின் தொடக்கத்தில் ராணித் தேனீ அவளைக் கூப்பிட்டாள்.

"அக்கா, போன மழையில புள்ளைங்க பாதி நனைஞ்சே செத்துப்போச்சு. இந்த வேங்கைக்குள்ள ஒரு வீடு குடைஞ்சு குடுங்க அக்கா. நாங்க உள்ள போயிட்டா அப்புறம் மழையாவது இடியாவது!"

"குடைஞ்சுட்டாப் போச்சு. அதுவரைக்கும் என் புள்ளைங்களுக்கு யாரு இரை குடுக்கிறது?"

"நாங்க பாத்துக்க மாட்டோமா?"

கருவண்டுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. அன்றே வேலையைத் தொடங்கினாள். வைரம் பாய்ந்த மரம் அது. கோடை முழுக்கக் கடித்தாள். வாய் வெடித்தது, உடம்பெல்லாம் மரத்தூள். பூவுக்குப் போக நேரமில்லை, பிள்ளைகளைக் கொஞ்சவும் நேரமில்லை.

பக்கத்துக் கிளையில் குடியிருந்த மரங்கொத்திக்கு இது பொறுக்கவில்லை.

"தங்கச்சி, ராணி உன்கிட்ட 'நாம உள்ள போயிரலாம்'னு சொன்னாளா, 'நாங்க உள்ள போயிடுறோம்'னு சொன்னாளா?"

"நாங்கன்னுதான் சொன்னா. ஏண்ணே?"

"'நாம'ன்னா உன்னையும் சேத்து. 'நாங்க'ன்னா உன்னை விட்டுட்டு. எதுக்கும் ஒரு வார்த்தை கேட்டுக்க."

"போங்கண்ணே! வாய்க்கு வாய் அக்கா அக்காங்கிறா. அவகிட்டப் போய் எழுத்துக்கூட்டிப் பாக்கச் சொல்றீங்களே!"

கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் அன்றே வேலையை நிறுத்தியிருப்பாள். வேங்கையைக் கடிக்கத் தெரிந்தவளுக்கு ஒரு கேள்வி கேட்க வாய் வரவில்லை.

வீடு முடிந்ததும் வானம் கறுத்தது. தேனீக்கள் தங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடின. கருவண்டு ஓடையில் முகம் கழுவிவிட்டுத் திரும்பி வந்தபோது, பழைய கூட்டில் அவள் பிள்ளைகள் மட்டும் நனைந்துகொண்டிருந்தார்கள். ஒவ்வொன்றாகத் தூக்கிவந்து புது வீட்டு வாசலில் சேர்த்தாள். காவல் தேனீக்கள் குறுக்கே நின்றன.

"வழி விடுங்கடி, புள்ளைங்க நனையுது!"

"உள்ள இடம் இல்லையே அக்கா."

"என் பல்லால குடைஞ்ச வீட்டுல என் புள்ளைங்களுக்கு இடமில்லையா?"

ராணி வெளியே வரவில்லை. குரல் மட்டும் வந்தது.

"கோவிச்சுக்காதீங்க அக்கா. நாங்கன்னுதானே சொன்னோம்? நாமன்னு எப்ப சொன்னோம்?"

அப்போதும் அக்காதான். மரியாதையில் மட்டும் ஒரு குறையும் வைக்கவில்லை, பாவிகள்.

மழை விடவே இல்லை. கருவண்டு தன் சிறகை விரித்துப் பிள்ளைகளை மூடிப் பார்த்தாள். எவ்வளவு பெரிய சிறகு அது? வாசலிலேயே ஒவ்வொன்றாக விறைத்துப்போனார்கள். ஒன்றுகூட மிஞ்சவில்லை. உள்ளேயிருந்து தேன் வாசனை வந்துகொண்டே இருந்தது.

மறு கோடையில் அவள் மறுபடி முட்டையிட இடம் தேடினாள். பச்சை மரம் எதையும் ஏறிட்டும் பார்க்கவில்லை. பட்டுப்போன முருங்கை ஒன்றைக் குடைந்தாள். பூந்தூளைத் தேனில் பிசைந்து ஓர் உருண்டை வைத்து, அதன்மேல் ஒரு முட்டையிட்டு, மரத்தூளால் சுவர் எழுப்பினாள். அப்புறம் இன்னோர் உருண்டை, இன்னொரு முட்டை, இன்னொரு சுவர்.

மரங்கொத்தி எட்டிப் பார்த்தது. "போயும் போயும் பட்ட மரத்துலயா, தங்கச்சி?"

"பட்ட மரத்துக்கு எவளும் பங்கு கேட்டு வரமாட்டா."

"சரி, கூடப்பிறந்ததுங்க நடுவுல எதுக்குச் சுவரு?"

"ஒண்ணா வளந்தா என்னைக்காவது ஒருத்தி இன்னொருத்தியைப் பாத்து நாங்கன்னு சொல்லுவா."

"நீயாவது உள்ள இருக்கலாமே. கண்ணு முழிச்சா அம்மாவைத் தேடாதா?"

"தேடட்டும். யாரும் இல்லைங்கிறதை முதல்லயே தெரிஞ்சுக்கட்டும்."

சொல்லிவிட்டாளே தவிர, கடைசிச் சுவரை அடைத்த பிறகு அவளால் அங்கிருந்து போக முடியவில்லை. உள்ளே ஏதாவது அசைகிறதா என்று சுவரில் தலையை வைத்துக் கேட்டாள். ஒன்றும் கேட்கவில்லை. தானே பூசிய சுவர், கெட்டியாகத்தான் பூசியிருந்தாள்.

அன்று முதல்தான் கருவண்டு எந்தக் கூட்டத்தோடும் சேராமல் பட்ட மரத்தைக் குடைகிறது, பிள்ளைக்கொரு அறை கட்டி அடைத்துவிட்டுப் போகிறது. உள்ளே கண் விழிக்கிற பிள்ளைக்கு இரை இருக்கும், சுவர் இருக்கும், அம்மா இருக்கமாட்டாள்.