தோகை இல்லாத மேனேஜர்

சிங்காரம்னு ஒரு ஆண் மயில். குளத்தங்கரை லாட்ஜுக்கு அதுதான் மேனேஜர். தூர தேசத்துலருந்து வர்ற பறவைங்க எல்லாம் அங்கதான் தங்கும். வாசல் கவுன்டர்ல நின்னு, தோகைய விரிச்சு, "வாங்க வாங்க!"ன்னு சிங்காரம் கூப்பிட்டா போதும், வந்தவங்க களைப்பெல்லாம் ஓடிப்போயிடும்!

அதே லாட்ஜுல ரூம் பெருக்குற வேலை மரகதத்துக்கு. அது ஒரு பெண் மயில். அதுக்கு ஒரே ஆசைதான். கவுன்டர்ல நிக்கணும்!

ஒருநாள் தைரியமா கேட்டுடுச்சு. "அண்ணே, மேனேஜரும் நீங்க, கவுன்டரும் நீங்க. கவுன்டர எனக்குக் குடுங்கண்ணே. பெருக்கிப் பெருக்கி என் வாலே தேஞ்சுபோச்சு!"

சிங்காரம் சிரிச்சுது. "உனக்கா? கொஞ்ச நாள்ல முட்டை போடுவ. அடைக்கு உக்காந்துடுவ. கவுன்டர் ஈயாடும்! லீவு போடுற ஆளுக்கெல்லாம் கவுன்டர் கிடையாதும்மா."

"அடைக்கு உக்காந்தா வாய் பேசாதாண்ணே?"

"அட, வாய் இருந்தா போதுமா? தோகை எங்க?"

சர்வர் காக்கா விழுந்து விழுந்து சிரிச்சுது. மரகதம் தொடப்பத்த எடுத்துக்கிட்டுப் போயிடுச்சு.

கொஞ்ச நாள் போச்சு. ஒரு காலையில சிங்காரம் திரும்பிப் பாத்தா, தோகை இறகு ஒண்ணு கீழ கிடக்கு! அப்புறம் இன்னொண்ணு. சீக்கிரமே மொத்தமும் கொட்டிப்போச்சு. வருஷா வருஷம் நடக்குறதுதான். வருஷா வருஷம் பண்ற மாதிரியே, "உடம்பு சரியில்லடா"ன்னு காக்காகிட்ட சொல்லிட்டு, புதருக்குள்ள போய் ஒளிஞ்சுக்கிச்சு. வழக்கமா விருந்தாளிங்க வர்றதுக்குள்ள புதுத் தோகை முளைச்சுடும். இந்த வருஷம் அவங்க முந்திக்கிட்டாங்க!

வானத்தையே மறைக்கிற மாதிரி கூழைக்கடா கூட்டம் வந்து எறங்குச்சு.

"யாருமே இல்லையா?" பெரிய கூழைக்கடா கத்துச்சு. "அப்ப நரி நடத்துற லாட்ஜுக்குப் போறோம்!"

சிங்காரம் புதருக்குள்ளருந்து எட்டிப் பாத்துச்சு. நரி லாட்ஜா? அங்க ரூம் எடுத்தவங்க யாரும் காலி பண்ணிட்டு வந்ததே இல்லையே! ஓடிப்போய்த் தடுக்கணும். ஆனா இப்படியா? பின்னாடி மொட்டையாவா? கால் நகரவே இல்ல.

"வாங்கய்யா! வாங்கம்மா!"

மரகதம் குரல்! கவுன்டருக்குப் பின்னாடியே சருகைக் கூட்டி, முட்டைங்க மேல உக்காந்திருந்துச்சு. "குஞ்சு வெச்சிருக்குறவங்க கருவேல மரத்துக்குப் போங்க, அங்க காத்து அடிக்காது. டேய் காக்கா, வேடிக்கை பாக்காத! மீன் எடுத்துட்டு வா!"

காக்கா பறந்துச்சு. கூட்டம் மொத்தமும் தங்கிடுச்சு.

"மேனேஜர் எங்கம்மா?" பெரிய கூழைக்கடா கேட்டுச்சு.

சிங்காரம் கண்ண இறுக்கி மூடிக்கிச்சு. போச்சு, மானம் போச்சு!

"லீவுங்கய்யா. வருஷா வருஷம் எடுக்குறதுதான். அவரு இடம் அவருக்கு அப்படியே இருக்கு. வந்துடுவாரு."

அவ்வளவுதான் சொல்லுச்சு. அதுதான் சுருக்குன்னு குத்துச்சு. லீவு! தான் புதருக்குள்ள கிடக்குறதும் லீவுதான்னு சிங்காரத்துக்கு ஒரு நாள்கூடத் தோணினது இல்ல. அந்த லீவச் சொல்லி யாரும் அத வேலையிலருந்து தூக்கினதும் இல்ல. ஆனா அந்தப் பொண்ணு எடுக்காத லீவுக்கு... ச்சீ! கொண்டை வரைக்கும் சுட்டுச்சு.

அப்படியே வெளிய வந்துச்சு. மொட்டையா!

"அண்ணே! பின்னாடி...!" காக்கா வாயப் பொத்திக்கிச்சு.

"தெரியும்டா." சிங்காரம் தலையத் தூக்கவே இல்ல. "மரகதம், இனிமே கவுன்டர் உன்னோடது. அன்னிக்கு நான் பேசினது..."

மரகதம் முட்டைங்கள ஒரு தடவ புரட்டி வெச்சுது. "சரிண்ணே. மேல ரூம் இன்னும் பெருக்கல. தொடப்பம் மூலையில இருக்கு."

சிங்காரம் தொடப்பத்த எடுத்துச்சு. நல்லவேளை, பெருக்கும்போது தரையப் பாத்தா போதும். யார் முகத்தையும் பாக்க வேண்டியதில்ல.

ஆம்பளை போடுற லீவக் கண்டுக்காம, பொம்பளை போடப்போற லீவ மட்டும் காரணம் காட்டி வேலைய மறுக்குறது அநியாயம்.